பூர்வீக மனையைப் பிரிக்காமல் விற்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: 3 சென்ட் மனை, 4 வாரிசு, சம பங்கு. அளந்தால் ஆளுக்கு முக்கால் சென்ட். கோர்ட்டே விற்கச் சொல்லுமா?

பதில் 1: சொல்லும். 1893-ம் வருட பாகப்பிரிவினைச் சட்டம், பிரிவு 2. பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்க வேண்டும். இங்கே 2 பேர் சேர்ந்தால் போதும். பிரிப்பது சரிப்படாது, விற்பதே எல்லாருக்கும் லாபம் என்று கோர்ட்டுக்குப் பட வேண்டும். மனையை அளக்க கோர்ட் நியமிக்கும் கமிஷனரின் அளவு வரைபடம் அங்கேதான் பேசும்.

பதில் 2: பிரிவு 3-ஐப் படிக்காமல் மனு போடாதீர்கள்! விற்கக் கேட்டவரின் பங்கை மற்றப் பங்காளி மதிப்பு விலைக்குக் கேட்கலாம். கோர்ட் மதிப்புப் போட்டு, வாங்கக் கேட்ட அந்தப் பங்காளிக்கே கொடுக்கும். ஏலமே வராது.

பதில் 3: பாகப்பிரிவினை பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் அரசியல் சாசனம் 7-வது அட்டவணை, பொதுப்பட்டியலின் 5-வது இனத்தில்: வாரிசுரிமை, கூட்டுக்குடும்பம், பாகப்பிரிவினை. நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுக்கும் உண்டு.