மறு: கம்ப்ரஷனுக்குத் தமிழ்ச் சொல் – ‘அடக்கல்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒலிப்பதிவில் வரும் கம்ப்ரஷனுக்கு ‘அடக்கல்’ என்று வைக்கலாமா என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘ஒலிச்சுருக்கம்’ என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது என்றுதான் நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு படிக்கச் சேர்ந்த முதல் பருவத்திலேயே இந்தச் சிக்கலில் மாட்டினேன். காலையில் ஒலியியல் வகுப்பு: ஒலி அலை போகும் வழியில் காற்றில் கம்ப்ரஷன் உண்டாகிறது. மதியம், பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் மிக்ஸிங் வகுப்பு: பாடகரின் குரலுக்குக் கம்ப்ரஷன் போடுங்கள். மறுநாள் டிஜிட்டல் ஒலி வகுப்பு: எம்பி3 என்பது ஒரு கம்ப்ரஷன் முறை. மூன்றும் வெவ்வேறு சங்கதி. மிக்ஸிங்கில் கம்ப்ரஷன் போட்டால் கோப்பின் அளவு குறையும் என்று நம்பியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். சில வாரங்கள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்?

முதலாவதற்குப் பள்ளி இயற்பியலில் படித்த ‘நெருக்கம்’ இருக்கிறது. காற்றுத் துகள்கள் நெருங்கி நிற்கும் இடம். அது அப்படியே இருக்கட்டும். மூன்றாவதற்கு ‘சுருக்கம்’ கச்சிதமாகப் பொருந்தும். குறுந்தகட்டில் உள்ள ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வேண்டும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்குதான். கோப்பு உண்மையிலேயே சுருங்குகிறது.

நடுவில் இருப்பதுதான் நம் பிரச்சினை. பாடகர் ஒரு வரியை முணுமுணுக்கிறார், அடுத்த வரியில் முழுக்குரலில் உச்சத்துக்குப் போகிறார். உச்சத்துக்கு ஏற்ப ஒலியளவை வைத்தால் முணுமுணுப்பு மற்ற வாத்தியங்களுக்குள் மூழ்கிவிடும். அதற்காகக் கம்ப்ரஸர் என்ற கருவியில் ஒரு மட்டம் குறிக்கிறோம், -20 டெசிபெல் (ஒலியளவின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 4:1. குரல் -12 வரை ஏறும்போது, மட்டத்தைத் தாண்டிய 8 டெசிபெல் 2 ஆகக் குறைந்து, -18இல் வெளியே வரும். மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒலியைக் கருவி தொடுவதே இல்லை. பாட்டின் நீளமும் மாறாது, கோப்பின் அளவும் மாறாது. மிஞ்சிப்போவது மட்டும் அடங்குகிறது.

இதற்கான வினைச்சொல்லை இசைக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பாட்டை மீறிக்கொண்டு தாளம் ஒலித்தால் “கொஞ்சம் அடக்கி வாசிங்க” என்கிறோம் அல்லவா? கருவி செய்வதும் அதேதான். ஆகவே வேலைக்கு ‘அடக்கல்’, கருவிக்கு ‘அடக்கி’.

> ‘அடக்கம்’ என்றால் பணிவு. நல்லடக்கமும் நினைவுக்கு வரும்.

சரிதான். அதனால்தான் அடக்கம் என்று வைக்காமல் அடக்கல் என்கிறேன். ‘ஒடுக்கி’ என்றொரு யோசனையும் வந்தது. அதைக் கேட்டதும் ஒடுக்குமுறைதான் முதலில் மனதில் நிற்கிறது. ‘அமுக்கி’ எனக்குப் பிடித்தது, ஒரு வாரம் அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் அமுக்கினால் எல்லாமே சேர்ந்து கீழே போகும். அது ஃபேடரை, அதாவது மொத்த ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுபிடியை, இறக்குகிற வேலை.

ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் அதன் சுற்றத்தையும் பார்க்க வேண்டும். அடக்கியில் அட்டாக், ரிலீஸ் என்று இரண்டு திருகுகள் உண்டு. அட்டாக்கைத் ‘தாக்கு நேரம்’ என்று பெயர்ப்பது கம்ப்ரஷனைவிட மோசமான குழப்பத்தில் விடும். அங்கே யாரும் யாரையும் தாக்குவதில்லை. ஒலி மட்டத்தைத் தாண்டிய பிறகு கருவி அதைப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. தாண்டல் முடிந்தபின் பிடியைத் தளர்த்த ஆகும் நேரம் மற்றது. ‘பிடி நேரம்’, ‘விடு நேரம்’ என்றால் எதைத் திருகினால் என்ன ஆகும் என்று பெயரே சொல்லிவிடும். டிரம்ஸுக்குப் பிடி நேரத்தை ஒரு மில்லிநொடிக்கும் கீழே வைத்துப் பாருங்கள், குச்சி விழும் அந்த ‘டக்’ மழுங்கிப்போகும். 30 மில்லிநொடி கொடுத்தால் அடி முழுசாகத் தப்பி வரும், அதன் பின்னால் வரும் அதிர்வுதான் அடங்கும். அடக்கியபின் குறைந்த ஒலியளவை ஈடுகட்ட ஏற்றுவதற்கு ‘ஈட்டுப் பெருக்கம்’. ஆம்ப்ளிஃபயருக்குப் ‘பெருக்கி’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் இது தானாகவே வந்து உட்கார்ந்தது.

> ஸ்டுடியோவில் எல்லோரும் கம்ப்ரஷன் என்றேதானே சொல்கிறார்கள்?

ஆமாம், சொல்லட்டும். ஆனால் இந்தத் துறையின் சொற்கள் ஆங்கிலத்தில்தான் பிறக்க வேண்டும் என்று விதியில்லை. ஜெர்மனியின் டெட்மோல்டில் 1949இல் தொடங்கிய ஒலிப்பதிவுப் படிப்பு டோன்மைஸ்டர் (ஒலி வல்லுநர்) என்று தன் மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டது. 1970இல் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம் தன் படிப்புக்கும் அதே பெயரை எடுத்துக்கொண்டது. எனக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை: முதலாண்டு மாணவர் ஒருவர் பாடக்குறிப்பைத் தமிழில் வாசித்தால், மூன்று கம்ப்ரஷனும் மூன்று சொல்லாகக் கண்ணில் பட வேண்டும்.

இரண்டு இடங்கள் இன்னும் இடிக்கின்றன. 20:1 போன்ற உயர்ந்த விகிதத்தில் ஒலியை மட்டத்திலேயே கிட்டத்தட்ட நிறுத்திவிடும் லிமிட்டருக்கு ‘வரம்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் த்ரெஷோல்ட், அதாவது எதைத் தாண்டினால் கருவி அடக்கத் தொடங்குமோ அந்த எல்லை. இந்த மடலில் வெறும் ‘மட்டம்’ என்று ஓட்டிவிட்டேன், ஆனால் ஒலியளவைக் குறிக்கும் லெவலுக்கும் அதே சொல் வேண்டியிருக்கிறது. ‘அடங்குமட்டம்’ எப்படி? இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.