சக்கரமும் கரண்டும் இல்லாமல் மண் வேலை: ரங்கூனில் ஆறு பேருக்கு எப்படித் தொடங்குவது?

பசுண்டாங்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் ஆறு பெண்கள் கூடுகிறோம். இரண்டு பேர் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாந்தலேயிலிருந்து வந்தவர்கள். நடந்ததைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை, கைக்கு ஏதாவது வேலை இருந்தால் போதும் என்கிறார்கள். கையாலேயே மண்ணில் பாண்டம், உருவம் செய்யலாம் என்று யோசனை. சக்கரம் கிடையாது. கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் மின்சூளைக்கும் வழியில்லை. எந்த மண், ஆளுக்கு எவ்வளவு, முதல் நாள் என்ன செய்யச் சொல்வது? சுடாமல் வைத்தால் நிற்குமா?

மண்ணும்கையும்:
தங்கச்சி, ஆற்றங்கரையில் தோண்டாதீங்க. டெல்டா மண்ணில் சிப்பித் தூள் கிடக்கலாம். சூளையில் அது சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். நன்றாக வெந்த சட்டியில்கூட சில நாள் கழித்து மேல்தோல் காசு அளவுக்குப் பெயர்ந்து விழும். எந்த மண்ணாக இருந்தாலும் காய்ந்த கட்டி ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, நுரைத்தால் வேண்டாம். ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கும் துவாண்டே ஊர்க் குயவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்குவது நல்லது.

ஆளுக்கு ஒரு வீசை, கூடுதலாக ஒன்று, மொத்தம் ஏழு. நம்ம ஊர் வீசை 1.63 கிலோ, ஆக ஏறத்தாழ பதினொன்றரை கிலோ வரும். ஈரமான பழைய கைலியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

வாங்கிய அன்றே இரண்டு சோதனை. பென்சில் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைங்க. வெடித்தால் மண் வறண்டிருக்கிறது, இல்லை பசை போதவில்லை. அடுத்து ஒரு மண் பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி முழுக்கக் காய விடுங்க. 9.4 செ.மீ. வந்தால் 6 விழுக்காடு சுருக்கம், நல்ல மண். 9.2-க்கும் கீழே போனால் கையால் கட்டும் வேலையில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அப்படியானால் உடைந்த மண் பூந்தொட்டியை இடித்துச் சலித்த தூள் ஒரு பால்டின்னுக்கு மண் ஐந்து பால்டின் என்று சேர்த்துப் பிசைங்க.

முதல் நாளுக்குக் கிள்ளிச் செய்யும் கிண்ணம் போதும். கால் கிலோ உருண்டை, சாத்துக்குடி அளவு. கட்டைவிரலை நடுவில் இறக்கி அடியில் ஒரு செ.மீ. விட்டு நிறுத்தணும். பிறகு உருண்டையைத் திருப்பித் திருப்பி, அடியிலிருந்து மேலே கிள்ளிக்கொண்டே வரணும். சுவர் 7 மி.மீ. போதும். வாயைக் கடைசி வரை தடிமனாகவே விடுங்க. முதலிலேயே வாயைக் கிள்ளினால் அது அகன்று, காய்ந்து, பல் பல்லாக விரியும். மேசையில் தண்ணீர்க் கிண்ணமே வேண்டாம், ஆளுக்கு ஒரு ஈரத்துணி கொடுங்க. பழகாத கை விரிசலைப் பார்த்ததும் தண்ணீர் தடவும். தோல் சேறாகிவிடும், உள்ளே விரிசல் அப்படியே இருக்கும்.

இரண்டாவது கிண்ணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்க. சுவர் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லும். "நல்லா வருதா" என்று பக்கத்தில் எட்டிப் பார்ப்பதும் நின்றுவிடும்.

ஈரத்துணி:
மேலே அண்ணன் சொன்ன அளவெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதல் மூன்று வாரம் எதையும் சுடாதீங்க. நிலைக்கப் போகிறது என்று தெரிந்தாலே கை அழகுக்குப் போய்விடும். அவர்களுக்கு இப்போது வேண்டியது அது இல்லை.

சுடாத பாண்டத்தைத் திரும்ப மண்ணாக்கலாம். ஆனால் முழுக்கக் காய்ந்திருக்கணும். எலும்பாகக் காய்ந்த கிண்ணத்தை வாளித் தண்ணீரில் இறக்கினால் சிறு சிறு குமிழி விட்டு, ஓரம் ஓரமாக உதிர்ந்து, அரை மணிக்குள் அடியில் சேறாக உட்கார்ந்துவிடும். பாதி ஈரத்தில் போட்டால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். கரைப்பதா வைப்பதா என்பதைச் செய்தவர் மட்டுமே சொல்லணும். இந்த ஒரு விதியை முதல் நாளே போடுங்க.

"மனசில் இருப்பதைச் செய்யுங்க" என்று சொல்லாதீங்க, கை உறைந்து போகும். அளவும் வேலையும் கொடுங்க: இரண்டு கைக்குள் அடங்கும் ஒன்று, மூடி உள்ள ஒன்று, கயிறு கயிறாக உருட்டி ஏற்றின ஒன்று. மனசு தானாக அதற்குள் வந்து சேரும். முடித்த பிறகு "இது என்ன?" என்று கேட்க வேண்டாம். மாந்தலேக்காரர்களிடம் வீடு செய்யச் சொல்லவே வேண்டாம். அவர்களாகச் செய்தால் செய்யட்டும்.

முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீங்க. காய்ந்த மண் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைச்சு எடுங்க. காய்ந்த பாண்டத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடாது.

பசுண்டாங்வாசி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது. கிண்ணம் நன்றாக வருகிறது. ஒருவர் உட்கார்ந்த உருவம் செய்தார், மறுநாளே கை இரண்டும் கழன்று விழுந்துவிட்டன. அவருக்கு மனசு விட்டுப்போச்சு. எங்கே தவறு? அதைச் சுட்டுத் தர முடியுமா?

உமிச்சூளை:
உடம்பு காய ஆரம்பித்த பிறகு ஈரக் கையை ஒட்டியிருப்பார். உடம்பு சுருங்கி முடிந்திருக்கும், கை அப்போதுதான் சுருங்கத் தொடங்கும், ஒட்டு பிய்ந்துவிடும். இரண்டும் ஒரே ஈரத்தில், பாலாடைக்கட்டி பதத்தில் இருக்கணும். ஒட்டும் இடத்தில் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைத் தயிர் பதத்தில் கரைத்துத் தடவி, அழுத்தி லேசாகத் திருகி உட்கார வையுங்க. ஓரத்தில் மெல்லிய திரி ஒன்றைச் சுற்றி விரலால் இழைச்சு விடுங்க. பிறகு உருவம் முழுவதையும் பையில் மூடி ஒரு இரவு வைத்தால் ஈரம் சமமாகும். விரல், காது மாதிரி மெல்லிய இடங்களுக்குத் தனியாக ஈரத்துணி சுற்றணும். அடியில் செய்தித்தாள் விரித்தால் சுருங்கும்போது வழுக்கி நகரும், அடி விரியாது.

விழுந்த கையை ஒட்டப் பார்க்க வேண்டாம். உருவத்தைக் கரைத்துப் புதிதாகச் செய்யலாம், அல்லது கையில்லாமலே வைக்கலாம். அதை அவரிடமே விடுங்க.

உள்ளே கெட்டியாக இருக்கும் உருவம் சூளையில் வெடிக்கும். காற்று அடைபட்டதால் என்று சொல்வார்கள், உண்மையில் நடுவில் மிஞ்சின ஈரம்தான் ஆவியாகி உடைக்கிறது. அய்யனார் குதிரையைப் பாருங்க, ஆள் உயரம் இருந்தாலும் உள்ளே கூடு, காற்றுப் போகத் துளை. ஒரு முஷ்டியைவிடப் பெரிய எதையும் குடைந்து சுவரை ஒரு செ.மீ.க்குக் கொண்டு வாங்க.

சுடுவதற்கு மழை நிற்கட்டும், நவம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்க. மாடியிலோ தெருவிலோ வேண்டாம், இரவு முழுக்கப் புகையும். ஆற்றுக்கு அக்கரையில் டலா பக்கம் திறந்த இடம் கிடைத்தால் சாந்து இல்லாமல் செங்கலை அடுக்கி, உள்ளே 45 செ.மீ. சதுரம், 60 செ.மீ. உயரம் கட்டுங்க. உமியும் மரத்தூளும் பாதிப் பாதி. அடியில் 10 செ.மீ. பரப்பி, பாண்டத்துக்குள்ளும் நிரப்பி, பாண்டங்களுக்கு நடுவே நாலு விரல் இடம் விட்டு அடுக்கணும். மேலே 10 செ.மீ. மூடி உச்சியில் நெருப்பு வைத்து, மேல்பரப்பு முழுதும் கனிந்ததும் தகரத்தைச் சிறு சந்து விட்டு மூடுங்க. கனல் தானாகக் கீழே இறங்கும், முக்கால் நாள் பிடிக்கும். முழுக்க ஆறும் முன் திறந்தால் விரிசல் விழும். சுடுவதற்கு முந்தின நாள் பாண்டங்களைக் கரி அடுப்புப் பக்கத்தில் நாலு மணி நேரம் வைத்து எடுங்க. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிற பாண்டத்தில் இன்னும் ஈரம் உண்டு.

காற்று போதாமல் வேகுவதால் எல்லாம் கறுத்துத்தான் வரும். சூடு 600-லிருந்து 700 டிகிரிக்குள் நிற்கும். தண்ணீர் கசியும், சாப்பாட்டுக்கு ஆகாது. கூடவே ஒரு சோதனைத் துண்டை வைத்து, பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்க. கரையத் தொடங்கினால் வேகவில்லை, மறுபடி சுடணும்.

ஈரத்துணி:
பேச முடியாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன், சுடுவதற்கு ஏற்றது. கிலுகிலுப்பை. கடலை அளவு மண் மணி ஐந்தாறு உருட்டி முழுக்கக் காய வையுங்க. சொல்ல வேண்டியதைச் சிறு காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு மணியையும் அதில் சுற்றணும். இரண்டு கிள்ளுக் கிண்ணத்தை வாயோடு வாய் ஒட்டும் முன் மணிகளை உள்ளே வைத்து மூடுங்க. காகிதம் இல்லாவிட்டால் மணி ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தென்னை ஈர்க்குச்சியால் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்க. அது இல்லாவிட்டால் ஆவி போக வழியில்லாமல் உடையும். துளை பெரிதானால் மணி வெளியே விழும்.

சூளையில் காகிதம் கரியாகிவிடும். ஆறின பிறகு எடுத்து ஆட்டினால் மணி சத்தம் மட்டும் கேட்கும்.