எட்டாம் வகுப்பு மகளுக்கு வரலாறு: பாடநூலுக்கு அப்பால் எதைக் கொடுக்கலாம்?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் குடியாத்தத்தில் தமிழ்வழியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சோற்றையும் மறந்துவிடுவாள். வரலாறு என்றால் மட்டும் ஆண்டுகளை உருப்போட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறாள். சென்ற மாதம் ‘மக்களின் புரட்சி’ என்ற பாடத்தில் 1806-ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சியைப் படித்தபோதுதான் முதன்முறையாக அவளாகவே கேள்வி கேட்டாள். என் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவள் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்துவந்த அந்தக் கோட்டையில்தான் அது நடந்தது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

“திப்புவின் பிள்ளைகள் ஏன் நம் ஊரில் இருந்தார்கள்? கோட்டையைப் பிடித்த சிப்பாய்கள் சில மணி நேரத்தில் எப்படித் தோற்றார்கள்? முன்கூட்டியே ஒருவருக்கும் தெரியாதா?” என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்குள்ள கடைகளில் விசாரித்தால் போட்டித் தேர்வுக்கான வினா விடைத் தொகுப்புகளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் வயதுக்கு ஏற்ற, தமிழில் உள்ள, நம்பத்தக்க நூல்களோ இணையத்தில் படிக்கக்கூடியவையோ இருந்தால் சொல்லுங்கள். சரித்திர நாவல்களைக் கொடுக்கலாமா என்பதும் என் கேள்வி. உறவினர்கள் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், காட்பாடி

அம்மா, உங்கள் மகள் கேட்ட மூன்று கேள்விகளுமே நல்ல கேள்விகள். இருபத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: புதிய புத்தகம் வாங்குவதற்கு முன் அந்தக் கேள்விகளுக்கு விடை கொடுத்துவிடுங்கள். கேள்வி ஆறிப்போன பிறகு எத்தனை நல்ல நூலைக் கொடுத்தாலும் பயனில்லை.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்ட பின், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். அந்தக் கோட்டையைக் காத்த படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உடன் 69-ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். தளபதி கிரடாக் காலத்தில் வந்த புதிய ஒழுங்குமுறையின்படி சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் பொருத்திய புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயமே இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையும் ஒரே கோபத்தில் நிறுத்தியது.

முன்கூட்டியே தெரியாதா என்று கேட்டாள் அல்லவா? தெரிந்திருந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதத்திலேயே தன் மேலதிகாரியிடம் சதியைப் பற்றிச் சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று கூற, அவரையே பிடித்து அடைத்தார்கள். ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமணம். மறுநாள் விடியும் முன்பே துப்பாக்கிகள் வெடித்தன. படைத் தலைவர் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள், கோட்டை மீது மைசூர்க் கொடி ஏறியது.

தோற்றதற்கான காரணம் ஆற்காட்டில் இருக்கிறது. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி அனுப்பிய செய்தி, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் ஆற்காட்டில் முகாமிட்டிருந்த குதிரைப்படைக்குக் காலையிலேயே எட்டிவிட்டது. கில்லஸ்பி என்ற தளபதி முன்னதாக விரைந்து வந்து, கயிற்றைப் பற்றிக் கோட்டைச் சுவரேறி, மேலே எஞ்சியிருந்த ஆங்கிலேய வீரர்களோடு சேர்ந்துகொண்டார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. அதன் பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் நூல்களிடையே பெரிய வேறுபாடு உண்டு, அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள், கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இனி நீங்கள் கேட்ட ‘எதைக் கொடுப்பது’ என்பதற்கு வருகிறேன். ஒரே நிகழ்ச்சியைச் சொல்லும் இரண்டு எழுத்துகளை அருகருகே வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பாடநூலோடு பத்தாம் வகுப்புப் பாடநூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் வேலூர்ப் புரட்சி இருக்கிறது. ஓரிடத்தில் இல்லாதது மற்றோரிடத்தில் என்ன இருக்கிறது என்று அவளே குறித்து எடுக்கட்டும். பிறகு ‘கலகம்’ என்று எழுதியவர்கள் யார், ‘புரட்சி’ என்று எழுதியவர்கள் யார் என்று கேளுங்கள். அந்த இரவில் தன் இரு குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பிய ஃபேன்கோர்ட்டின் மனைவி, தான் கண்டதைப் பின்னர் எழுதிவைத்தார். சிப்பாய்களின் சொற்களோ பெரும்பாலும் விசாரணைக் குழுவின் முன் அளித்த வாக்குமூலங்களாக, அவர்களைத் தண்டிக்க இருந்தவர்களின் ஏடுகளில்தான் கிடைக்கின்றன. யாருடைய கையால் எழுதப்பட்டது என்று கேட்கப் பழகிய குழந்தை, பிறகு எந்த நூலைப் படித்தாலும் ஏமாறமாட்டாள்.

மறுமொழி 2: அரக்கோணத்திலிருந்து ஒரு தந்தை

ஆசிரியர் ஐயாவின் மறுமொழியை மிகுந்த மதிப்போடு படித்தேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கும் உள்ளூர் வரலாற்றிலிருந்துதான் தொடங்கினோம்; கோட்டையும் கோயிலும் தனித்தனிச் சித்திரங்களாக அவன் மனத்தில் நின்றனவே ஒழிய, எது முன், எது பின் என்ற வரிசை வரவில்லை. சோழர்களும் நவாபும் ஒரே காலத்தவர்கள் என்று ஏழாம் வகுப்பு வரை எண்ணிக்கொண்டிருந்தான். ஆகவே, சகோதரி, முதலில் சுவரில் ஒரு காலக்கோடு வரைந்து ஒட்டுங்கள். நாங்கள் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கங்களை ஒட்டி, ஒரு நூற்றாண்டுக்கு ஒரு சாண் என்று அளந்து, கூடத்துச் சுவர் முழுவதும் நீட்டினோம்.

சரித்திர நாவலைப் பொறுத்தவரை நான் தடை சொல்லமாட்டேன், ஆனால் கல்வெட்டு முதலில் வரட்டும், நாவல் பின்னால் வரட்டும். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் 949-இல் நடந்த போரில், முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதி உயிரிழந்தான். சோழர் தரப்பு அவனை ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்று போற்றியது. எதிர்த்தரப்பின் ஆதகூர்க் கல்வெட்டோ, அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று வெற்றியைப் பறைசாற்றுகிறது. காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்ற வேட்டை நாயையும் அதே கல் நினைவுகூர்கிறது. அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த நாயின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் பையன் 949-ஐ மறந்ததில்லை.

அதே இராசாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்காக, அவன் பேரன் முதலாம் இராசராசன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் (இறந்த அரசனின் நினைவாகக் கட்டப்படும் கோயில்) பொன்னையாற்றங்கரையில் மேற்பாடியில் நிற்கிறது. தாத்தாவுக்காகப் பேரன் கட்டியது என்று சொல்லிப் பாருங்கள், குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இவற்றையெல்லாம் கண்டு, காலக்கோட்டில் குறித்த பிறகு நாவலைப் படித்தால், எங்கே வரலாறு முடிந்து எங்கே ஆசிரியரின் கற்பனை தொடங்குகிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.

மறுமொழி 3: நூலகப் பணியாளர், இராணிப்பேட்டை

எளிதில் கிடைக்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் நூல்கள் அனைத்து வகுப்புகளுக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலின் ‘வரலாறு என்றால் என்ன?’ என்ற முதல் பாடத்தை மகள் மறுபடியும் ஒருமுறை படிக்கட்டும். எட்டாம் வகுப்பில் அதைப் படிக்கும்போது வேறு பொருள் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஏராளமாக உள்ளன, அவற்றில் தொல்லியல் துறை வெளியீடுகளும் உண்டு. ஆனால் அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. நீங்கள் முதலில் படித்து இரண்டு பக்கங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்கென்று வெளியிடும் தமிழ் நூல்கள் விலை குறைந்தவை, புத்தகக் காட்சிகளில் தேடிப் பாருங்கள்.

மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பகுதியில் மகளை உறுப்பினராக்கிவிடுங்கள். தாயோ தந்தையோ எடுத்துக் கொடுப்பதைவிட, அலமாரியின் முன் நின்று தானே புரட்டித் தேர்ந்தெடுக்கும் குழந்தைதான் புத்தகத்தை முடிக்கிறாள் என்பது நான் அன்றாடம் காண்பது.

அட்டையில் வண்ணப் படமும் உள்ளே ஆதாரமில்லாத கதையும் கொண்ட ‘அறியப்படாத வரலாறு’ வகை நூல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கல்வெட்டு, நாணயம், ஆவணம், பயணக் குறிப்பு என்று எதையேனும் சுட்டாமல் மன்னர் பேசியதை மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தால், அந்த நூலை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

குடியாத்தத்துக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். காமராசர் முதலமைச்சரான பின் 1954-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது உங்கள் குடியாத்தம் தொகுதியிலிருந்துதான். அந்தத் தேர்தலை நேரில் கண்ட முதியவர்கள் ஊரில் இருந்தால் மகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடமும் நம் வாலாஜா ரோடுதான். சென்னைக்கு இரயிலில் போகும்போது காட்டலாம்.

கேட்டவரின் பதில்

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முஸ்தபா பேக்கைப் பற்றி நேற்றிரவு படித்துக் காட்டினேன். “உண்மையைச் சொன்னவரைப் பைத்தியம் என்று அடைத்தார்களா? ஆனால் அவர் சொன்னது காட்டிக்கொடுப்பதும்தானே?” என்று கேட்டாள். அவள் அப்பா ஒரு விடை சொன்னார், நான் வேறு விடை சொன்னேன். இருவர் சொன்னதையும் அவள் ஏற்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு அழைத்துச் செல்லப் போகிறோம். அங்கே எதை, எந்த வரிசையில் காட்டுவது என்று ஐயா சொன்னால் உதவியாக இருக்கும். காலக்கோட்டுக்கு நாட்காட்டித் தாள்களை எடுத்துவைத்துவிட்டேன்.

மறுமொழி 4: செங்கம் பகுதியிலிருந்து

முன்னைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள் எங்கள் செங்கமும் அடங்கும் என்பதால் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து நடுகற்கள் பல்லவர் காலத்திலிருந்து நிற்கின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறது. ஆதகூர் நாயைப் பற்றி எழுதிய சகோதரர் தம் மகனுக்கு இதையும் சொல்லட்டும். அரசர்களின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திகளை மட்டுமே படிக்கும் குழந்தைகளுக்கு, மாடு மீட்கச் சென்று மாண்ட ஊர்க்காரனுக்கும் கல் நட்டார்கள் என்பது பெரிய செய்தி.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், காட்பாடி

அம்மா, காலையிலேயே சென்றுவிடுங்கள். முதலில் அகழியைச் சுற்றி நடந்து, இந்தச் சுவரில் எப்படி ஏறுவது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். கில்லஸ்பியின் கயிறு அப்போது புரியும். பிறகு சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பொறுமையாகப் பார்க்கட்டும். நாயக்கர் காலத்துக் கோட்டைக்குள் எழுந்த அந்தக் கோயில் நெடுங்காலம் ஆயுதக் கிடங்காகக் கிடந்து, சத்துவாச்சாரியில் இருந்த இலிங்கம் 1981-இல்தான் மீண்டும் உள்ளே நிறுவப்பட்டது. உங்கள் மாமியாருக்கு அது நினைவிருக்கக்கூடும். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கோட்டைக்குள்ளேயே உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்துக்குப் போங்கள். அது இலங்கையின் கண்டி அரசின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம். அவர் 1815-இல் அரியணை இழந்து, மறு ஆண்டு இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்தார். திப்புவின் பிள்ளைகளை அனுப்பிவிட்ட பத்து ஆண்டுகளில் வேறோர் அரச குடும்பம் அதே மதில்களுக்குள் வந்து சேர்ந்தது என்பதைக் காலக்கோட்டில் அடுத்தடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். அரக்கோணத்துத் தம்பி வரிசையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நான் அதை என் மறுமொழியில் விட்டுவிட்டேன்.

முஸ்தபா பேக்கைப் பற்றி மகள் கேட்டதற்கு நீங்கள் இருவரும் ஒரே விடைக்கு வர வேண்டியதில்லை. புரட்சிக்குப் பின் அவருக்குக் கம்பெனியார் வெகுமதி அளித்தார்கள். மறுபுறம், சேக் காசிம் போன்று புரட்சியை முன்னின்று நடத்தியவர்களின் பெயர்கள் அவளுடைய பாடநூல்களிலேயே இருக்கின்றன. இருவரைப் பற்றியும் தலா ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை இங்கே பதிவிட்டால் படிக்கக் காத்திருக்கிறேன்.