‘ஹேக்’: ஊடுருவலா, கொந்தலா?

மதிப்பிற்குரிய நண்பர்களே,

ஒன்பதாம் வகுப்புக் கணினிப் பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், ‘ஹேக்’, ‘ஹேக்கர்’ என்னும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் எதை இடுவது என்று நம் மடற்குழுவில் நடக்கும் உரையாடலில் என் கருத்தை இன்றே எழுதிவிடுகிறேன்.

‘ஹேக்’ என்பதன் அடிப்பொருள், ஒழுங்கு பாராமல் ஓங்கி ஓங்கி வெட்டுதல். திருட்டு என்பது அதில் இல்லை. 1955 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்விநிலையத்து மாதிரி ரயில் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, மின்னமைப்பில் ‘ஹேக்’ செய்வோர் ஃபியூஸ் போகாதிருக்க மின்சாரத்தை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறது. 1993இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1392 என்னும் இணையச் சொல்விளக்க ஆவணம், ஓர் அமைப்பின் உள்ளியக்கத்தை நுணுகி அறிவதில் மகிழ்பவரே ஹேக்கர் என்றும், அத்துமீறி நுழைபவர் ‘கிராக்கர்’ என்றும் பிரித்துரைக்கிறது. ஆகவே, பெரும்பாலோர் விரும்பும் ‘ஊடுருவி’ பாதிப் பொருளையே தொடுகிறது. உலாவி, செயலி என்று கணினித் தமிழில் இகர ஈறு கருவிக்கே வழங்கிவிட்டதால், ‘ஊடுருவி’ என்றதும் மாணவர் மனத்தில் ஆள் வரமாட்டார், ஏதோவொரு நிரல்தான் வரும்.

என் தேர்வு ‘கொந்து’. அணில் கொந்திய கொய்யாவைக் கையிலெடுத்துப் பாருங்கள்: கத்தி பட்ட வழவழப்பு இராது, பிய்ந்த விளிம்பும் விதைவரை இறங்கிய குழியும் இருக்கும். முரட்டு வெட்டும் உள்ளே புகுதலும் அந்த ஒரே சொல்லில் கிடைக்கின்றன. கொந்து–கொத்து என்பதைத் திருந்து–திருத்து போன்ற தன்வினை–பிறவினை இணை என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியதை மட்டும் ஏற்க இயலவில்லை. ‘திருந்து’ செயப்படுபொருளை ஏற்காது; ‘கொந்து’ ஏற்கிறது.

‘இளைதாக முள்மரம் கொல்க’ என்னும் 879ஆம் குறளில் ‘கொல்க’ என்பது வெட்டுதலையே குறிப்பதாகக் காட்டி, அங்கிருந்து கொல்லன் வரை வேர் தேடிச் சென்ற, நம் குழுவின் அம்மையார் ஒருவரின் மடலை விரும்பிப் படித்தேன். எனக்கு அக்குறளில் பயன்பட்டது ‘களையுநர்’ என்ற சொல்: அதே நர் ஈற்றில் ‘கொந்துநர்’ என்போமே! இணையத்தில் ஏற்கெனவே வழங்கும் ‘கொந்தர்’ என்பதைவிட இதில் வினை தெளிவாகத் தெரிகிறது.

மாணவருக்குப் புரியாது, ‘ஹேக்கர்’ என்றே விடுங்கள் என்போருக்கு ஒரு சொல்: ‘கடவுச்சொல்’ என்பதும் புழங்கிப் புழங்கித்தான் பழகியது.

பெரும்பான்மைக்கு இணங்கி, தரவுத் திருட்டைப் பேசும் பகுதியில் ‘ஊடுருவுநர்’ என்றும், வரலாற்றுப் பகுதியில் ‘கொந்துநர்’ என்றும் இட்டிருக்கிறேன். வியாழன் இரவுவரை மறுப்பு வந்தால் இரண்டையும் மாற்ற ஆயத்தமாக இருக்கிறேன்; ‘ஊடுருவி’ மட்டும் வேண்டாம்.