புதிய சிஸ்டம் போட்டும் நோட்டில்தான் எழுதுகிறார்கள், என்ன செய்வது?

கீழக்கரைவாசி:
வணக்கம், அவசரமாக உதவி தேவை. எங்கள் மருத்துவமனையில் மென்பொருள் போட்டு மூன்று மாதமாகியும் சிஸ்டர்கள் நோட்டில்தான் எழுதுகிறார்கள். முந்தாநாள் திருக்கை முள் குத்திய காலோடு வந்த மீனவருக்கு இரவு ட்யூட்டியில் டி.டி. ஊசி போட்டு, அதை நோட்டில் மட்டும் குறித்திருக்கிறார்கள். காலை ட்யூட்டிக்கு வந்த சிஸ்டர் திரையில் அந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்து மறுபடியும் போட்டுவிட்டார். "ராத்திரியே போட்டாங்களே தாயி" என்று மீனவர் சொன்னது ஊசி இறங்கிய பிறகுதான். நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டை அடியோடு நிறுத்திவிடலாமா?

பாம்பன்காற்று:
எத்தனை படுக்கைகள், எத்தனை கணினிகள், அவை எங்கே இருக்கின்றன? ஓவர் கொடுப்பது (ட்யூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைப்பது) கவுண்டரில் நின்றா, படுக்கை படுக்கையாக நடந்தா? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும்.

தொண்டியான்:
ஆளுக்கொரு டேப்லெட் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மூத்த உறுப்பினர்:
இதை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன், பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த 'எஸ்பார்' முறைப்படி நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கையும் கட்டாயக் கட்டங்களாக வைத்துவிட்டால் எவரும் தப்ப முடியாது. ஒழுங்கு வர வேண்டியது ஊழியர்களிடம்.

வார்டுஅக்கா:
ஐயா, இருபது வருடம் ஓவர் கொடுத்தவள் சொல்கிறேன். "ஆறாம் படுக்கை அம்மாவின் மகன் கடலுக்குப் போயிருக்கிறார், கரைக்கு வந்தால்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்து" என்பதை உங்கள் நான்கு கட்டங்களில் எதில் எழுதுவது? ஒரே வார்டில் பழகிய இருவருக்கு அரை வார்த்தை போதும்; அதே செய்தி லேபுக்கோ மதுரைக்கோ போகும்போதுதான் முழுதாக எழுத வேண்டியிருக்கிறது. என்ரிக்கோ கொய்யேரா என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டிலேயே இதைத்தான் எழுதினார்: மருத்துவமனையின் தகவலில் பெரும்பகுதி பேச்சில்தான் நகர்கிறது, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது எவ்வளவு என்று பார்த்த பிறகே எதைக் கணினிக்குக் கொடுப்பது, எதைப் பேச்சிலேயே விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஊசி, மருந்து, ஒவ்வாமை மூன்றும் ஒரே இடத்தில்தான் பதிய வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

தொண்டியான்:
அப்படியானால் வாட்ஸ்அப் குழுவே போதுமே.

பாம்பன்காற்று:
போதாது. நோயாளியின் படமும் பெயரும் எல்லோருடைய சொந்தக் கைப்பேசியிலும் தங்கிவிடும். எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே இயற்றப்பட்டுவிட்டது.

தொண்டியான்:
நள்ளிரவில் மண்டபம் ஊரிலிருந்து நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தால், ராமநாதபுரத்தில் இருக்கும் இதய மருத்துவருக்கு ஈசிஜி படத்தை வேறு எப்படி அனுப்புவீர்கள்? சட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும்.

பாம்பன்காற்று:
படத்தை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரை மறைத்து அவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம், முப்பது பேர் இருக்கும் குழுவில் போட வேண்டியதில்லை.

மூத்த உறுப்பினர்:
கேள்வி கேட்டவரைக் காணோம்.

கீழக்கரைவாசி:
மன்னிக்கவும், ட்யூட்டியில் இருந்தேன். 30 படுக்கைகள், கவுண்டரில் ஒரே கணினி, அதிலும் பெரும்பாலும் பில் போடுகிறார்கள். ஓவர் கொடுப்பது படுக்கை படுக்கையாக நடந்துதான். இன்று காலை அவர்கள் பின்னாலேயே நடந்து பார்த்தேன்: கடைசிப் படுக்கையிலிருந்து கவுண்டருக்கு வருவதற்குள் இரவு சிஸ்டருக்குப் பேருந்து வந்துவிடுகிறது. நோட்டை நிறுத்தப் போவதில்லை. மருந்துப் பதிவுக்கு மட்டும் தள்ளுவண்டியில் இன்னொரு கணினி கேட்கப் போகிறேன். அக்காவுக்கு நன்றி.