நேவி பிடித்த வருஷமும் என் பிரஷரும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. விசைப்படகு காலையில் போனால் மறுநாள் விடியலில் கரைக்கு வந்துவிடும். அன்று எல்லாப் படகும் வந்தது, அப்பா போனது வரவில்லை. எல்லை தாண்டியதாக நேவிக்காரர்கள் பிடித்துவிட்டார்களாம். இலங்கையில் மூன்று மாதம் சிறை. வட்டிக்காரர் வந்தால் "அம்மா இல்லை" என்று நான்தான் வாசலில் நின்று சொல்வேன்.

அப்பா திரும்பினார். ஆனால் அவர் மறுபடி கடலுக்குப் போன ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது வயது 31, பிரஷர் 150/100. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், கருவாட்டை விட்டேன் (இந்த ஊர்க்காரிக்கு அதுவே தண்டனை). மதுரையில் ஒரு டாக்டரம்மா மட்டும் "சின்ன வயசுல வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

பயந்தால் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், ஆபத்து போனதும் அடங்கிவிடும். மாதக்கணக்கில் அடங்காவிட்டால் பிள்ளையின் உடம்பு அதற்கே பழகிப்போய், ரத்தக்குழாய், தூக்கம், எதிர்ப்புச் சக்தி எல்லாம் அடிவாங்கும் என்றார். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் சிறுவயதில் பட்ட துன்பங்களைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறுவயதில் நான்கு வகைத் துன்பமோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் இதய நோய், அப்படி எதுவும் படாதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அதில் ஒரு கேள்வி, வீட்டில் யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்பது. எங்கள் தெருவில் கேட்டால் வரிசையாகக் கை தூக்குவார்கள். திருடிப் போனவர் ஒருவரும் இல்லை.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி:
அக்கா, எனக்கு அப்பா கரையில் இருந்தால்தான் பயம். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். இப்போது 61 நாள், அப்போது 45. வருமானம் இல்லை, குடி, அப்புறம் பெல்ட். மற்ற பிள்ளைகளுக்கு அது பெரிய லீவு. இன்றைக்கும் சித்திரை பிறந்தால் வயிறு எரிகிறது. எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. ஆனால் அதே வீட்டில் பிறந்த அண்ணன் நன்றாக இருக்கிறான். அவனை ஆச்சி தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
தம்பி, நீங்கள் ஆச்சியைச் சொன்னதும் எனக்குச் சித்தி ஞாபகம் வந்தது. பாசி எடுக்கப் போய்விட்டு வந்து சில ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் தூங்கியிருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி மதுரை போகிறேன், டாக்டரம்மாவிடம் இதையும் சொல்ல வேண்டும்.