ஓடிக்கொண்டே நின்றுபோகும் பழைய டிராக்டர்: பம்பைக் கழற்றும் முன்

இருபது நிமிடம் உழுததும் இழுவை குறைந்து நின்றுவிடும், சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடும் என்றால், முதலில் டீசல் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. தளர்த்தியதும் சரியாக ஓடினால், மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திவிட்டால் போதும்.

---

மூடியில் குறை இல்லையென்றால் டீசல் லைனில் ஏர் (காற்று) பிடித்திருக்கும். ஏர் எடுப்பதை டேங்க் பக்கமிருந்து, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலை நோக்கி வரிசையாகச் செய்ய வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் மறுபடி முதலிலிருந்து.

டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். முதல் பில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) இரண்டு சுற்று தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி நின்று கெட்டியாக டீசல் வரும்போதே, லீவரை அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது பில்டர், பிறகு நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்பிலுள்ள ஏர் ஸ்குரூ. கடைசியாக நாசில் முனையில் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து செல்ப் (ஸ்டார்ட்டர்) அடியுங்கள். டீசல் விட்டுவிட்டுத் தெறித்ததும் இறுக்கலாம். செல்ப் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் ஆறட்டும்.

தெறிக்கும் டீசலைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் சின்னக் காயம்தானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

மேலே சொன்னதோடு ஒன்று. சில நேரம் கை லீவர் தொளதொளவென்று ஆடும், டீசல் வராது. பம்பு போய்விட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டின் மேடு ஃபீட் பம்பை ஏற்கெனவே தள்ளி நிறுத்தியிருக்கும், அதனால் லீவருக்கு ஓட்டம் கிடைக்காது. எஞ்சினை ஒரு சுற்று சுற்றி நிறுத்திவிட்டு அடியுங்கள். எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கம்பி உள்ளே தள்ளியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஏர் எடுத்தும் மறுநாள் அதே கதை என்றால், எங்கேயோ காற்று உள்ளே வருகிறது. பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதியில் ஒட்டியிருக்க, மேலே புதியதும் உட்கார்ந்துவிடும். விரல் விட்டுத் தடவிப் பார்த்தால் தெரியும். பைப் போல்ட்டுகளின் செம்பு வாஷரையும் பாருங்கள். பழைய வாஷரைப் போடுவதானால், சிவக்கச் சுட்டு ஆறவைத்தால் செம்பு மென்மையாகி நன்றாக அடைக்கும். புதியது போடுவது அதைவிட நல்லது, விலையும் பெரிதில்லை.

டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும் வண்டிகளில் கசிவு பெரும்பாலும் சொட்டாகவே தெரியும். ஆனால் டேங்க் அடியிலுள்ள வலையில் சேறு அடைத்திருந்தால், பம்பு பலமாக உறிஞ்சி, சொட்டாத இணைப்பிலிருந்தும் காற்றை இழுக்கும்.

---

நிற்கும்போது கரும்புகையும் தள்ளுகிறது என்றால் டீசல் லைனை விட்டுவிட்டு ஏர் கிளீனரைத் திறங்கள். ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் வகையில், கீழ்க் கிண்ணத்தில் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தால் ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தையும் வலையையும் டீசலில் கழுவி, கோடு வரை மட்டும் புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்கும். கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. காய்ந்த புழுதியில் ரோட்டவேட்டர் ஓட்டும் நாட்களில் தினமும் காலையில் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.